இடுப்பைக் குறைக்காமல் அனுப்பும் மூன்று பேண்ட்

கண்ணு,

பையைப் பிரித்ததும் பேண்டை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடாதே. முதலில் இதைப் படி. மூன்று பேண்டுக்கும் நீ சொன்னபடி நீளத்தை ஒரு இன்ச் குறைத்திருக்கிறேன். அடியில் கம்பெனிக்காரன் போட்ட தையல் அப்படியே நிற்கும்படி அதற்கு மேலே வெட்டி இணைத்திருக்கிறேன். எந்த இடத்தில் வெட்டினேன் என்று அந்தக் கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டான். ஆனால் இடுப்பைத் தொடவில்லை. நீ இரண்டு இன்ச் பிடிக்கச் சொன்னது மறந்துபோகவில்லை. கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது, ஊசியில் இன்னும் நானே நூல் கோக்கிறேன். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால், "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால் எழுதுகிறேன். தாளவாடியில் மாமன் வீட்டில் தங்கி ஐந்தாம் வகுப்பு வரை படித்த எழுத்து இது. கன்னடப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த உன்னை மிஷின் பக்கத்தில் உட்காரவைத்து, வெட்டி மிச்சமான துணியில் சாக்பீஸால் அ, ஆ எழுதிக் காட்டியவளும் நான்தான். எனவே தமிழ் படிக்க வராது என்று என்னிடம் சாக்கு சொல்ல முடியாது. நிதானமாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூரிலிருந்து வந்தாய். செருப்பைக் கழற்றும் முன்பே "அம்மா, தண்ணி" என்றாய். ஒரு சொம்பு குடித்தாய். நான் காப்பிக்குப் பால் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொரு சொம்பு. சாப்பிட உட்கார்ந்தபோது மூன்றாவது. வெயில் என்றாய். அன்றைக்கு மைசூரில் அப்படி ஒன்றும் வெயில் இல்லை. இங்கே என்னோடு தங்கிக் காலேஜ் போகிற உன் மகள் காவ்யா சால்வை போர்த்திக்கொண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள். நீ அந்த மரங்கொத்திப் படம் போட்ட கம்பெனியின் பெரிய டி-ஷர்ட் போட்டிருந்தாய், தோள் தையல் முழங்கைக்குப் பாதி தூரம் இறங்கித் தொங்குகிற மாதிரி. கீழே கயிறு இழுத்துக் கட்டுகிற பேண்ட். அந்தக் கயிற்றின் இரண்டு நுனியும் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே தொங்கியது. கடையில் வாங்கும்போது அது நான்கு விரல் நீளம்தான் இருக்கும்.

"ஏங் கண்ணு, இப்புடி எளச்சுப் போயிட்ட?" என்று கேட்டேன்.

"எளைக்கலம்மா, ஃபிட் ஆயிட்டேன். தெனமும் காலைல நடக்கறேன். பாரு, அப்பா சைசுக்கு வந்துட்டேன். முப்பத்திநாலு!"

"அப்பாவுக்கு ஜெர்மனி போற ஜோஷ், அப்பத்தா. அங்க போயி காலேஜ் பையன் மாதிரி சுத்தப் போறாங்க" என்றாள் காவ்யா.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்பா சைஸ் என்று நீ சொன்னதற்கு அப்புறம் ரசத்துக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. நீயும் உப்புக் கேட்காமல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து இந்த மூன்று பேண்டையும் எடுத்துக் கொடுத்தாய். பயணத்துக்கென்று மூன்று மாதம் முன்னால் வாங்கியதாம். கடையில் போட்டுப் பார்த்தபோது கனகச்சிதமாக இருந்ததாம். இப்போது தொளதொள என்று இருக்கிறதாம். உன் சம்சாரம் சுமா பின்பக்கம் ஊக்கு குத்தி அடையாளம் வைத்து அனுப்பியிருந்தாள். நான் உன் முகத்தைப் பார்த்ததும் நீயே முந்திக்கொண்டாய்: "லைக்ரா துணிம்மா, லூசாயிடுது. அதுவுமில்லாம, கம்பெனிக்காரன் நம்பர மாத்தறான்னு நீதான சொன்ன? நான் அப்படியேதான் இருக்கேன்."

அது என் வார்த்தைதான், ஒத்துக்கொள்கிறேன். தேவராஜ அரசு ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையின் பின்பக்கத்தில், ஆல்ட்ரேஷன் மிஷினில் முப்பத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். ட்ரையல் ரூமின் கதவுக்கு நேர் எதிரே என் மிஷின். அங்கிருந்து வெளியே வருகிறவர்களின் முகம் முதலில் எனக்குத்தான் தெரியும், பிறகுதான் அவர்கள் பெண்டாட்டிக்கு. அந்த மரங்கொத்தி கம்பெனியை நான் அது பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். முதலில் அது கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆண்களுக்காகவே வந்த கம்பெனி. பேண்டின் முன்னால் இரண்டு மடிப்பு, தொடையில் தாராளம். பின்தையலுக்கு உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டிருப்பார்கள். இவனுக்கு நாளைக்கு வயிறு போடும், தையல்காரி பிரித்து விடட்டும் என்று யோசித்துத் தைத்தவன் எவனோ ஒரு குடும்பஸ்தன். கட்டம் போட்ட அரைக்கைச் சட்டையில் மூக்குக்கண்ணாடியும் ரயில் பாஸும் ஒன்றாகக் கொள்ளும் அளவுக்குப் பை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து மடிப்பு போனது. தொடை ஒட்டிக்கொண்டது. காலர் பூனைக்காது மாதிரிச் சின்னதாகிவிட்டது. உள்ளே விடுகிற துணி அரை இன்ச்கூட இல்லை. விளம்பரப் படத்தில் மீசை வைத்த ஆள் போய், மீசை முளைக்காத பையன் வந்தான். பழைய வாடிக்கைக்காரர்கள் அதே கம்பெனி, அதே நம்பர் என்று நம்பி எடுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். கதவு வெகு நேரம் திறக்காது. "என்னங்க, உள்ளயே குடியிருக்கறீங்களா?" என்று வீட்டம்மா வெளியே நின்று கூப்பிடுவாள்.

அப்படிப் பழைய ஆட்களை இழந்துவிட்டோம் என்று கம்பெனிக்கும் உறைத்திருக்க வேண்டும். பேண்டை அகலமாக்கினார்கள், ஆனால் உள்ளே தைக்கிற அளவுச் சீட்டில் பழைய நம்பரையே போட்டார்கள். நான் டேப் வைத்துப் பார்ப்பேன். முப்பத்திநாலு என்று போட்ட பேண்ட் முப்பத்தாறரை இருக்கும். ஒரு வங்கிக்காரர் முகமெல்லாம் மலர வெளியே வந்து, "பாத்தியா, கல்யாணத்தப்ப இருந்த அதே முப்பத்திநாலு!" என்றார். அவர் சம்சாரம் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "கல்யாணத்தப்பவே முப்பத்தாறுங்க. அந்தக் கம்பெனிக்காரங்க நல்லா இருக்கோணும்" என்றாள். இதை உன்னிடம் போனில் சொல்லி, நாம் எவ்வளவு நேரம் சிரித்தோம். அந்தச் சிரிப்பை எடுத்து இன்றைக்கு நீ எனக்கே பதிலாகத் திருப்பித் தருவாய் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது வந்திருப்பது எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம். இடுப்புக்குக் கயிறு, தோளுக்கு அளவே கிடையாது, ஆண் பெண் வித்தியாசமும் கிடையாது. இதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. காவ்யாவுக்கு அது எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு பச்சைச் சட்டை எடுத்து, கையை இரண்டு மடி மடித்துப் போட்டுக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினாள். "தோள்பட்டையத் தூக்கித் தெச்சுக் குடுக்கட்டுமா சாமி?" என்றதற்கு, "சும்னிரி அப்பத்தா, சும்மா இருங்க, இது இப்படித்தான் போடணும்" என்று என் கையைத் தட்டிவிட்டாள். அவள் சொன்னது சரி. நீண்ட கழுத்து, நிமிர்ந்த முதுகு, அகலமான தோள். தொங்குகிற துணி ஓர் இடத்திலாவது உடம்பில் உட்கார வேண்டும், அவளுக்குத் தோளில் உட்காருகிறது. எங்கள் கடையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்கிறார்கள்; எனக்குப் பெருமையில் கால் தரையில் நிற்கவில்லை. மாணவர்களுக்கு அது பொருந்தும். வயிறு வைத்த ஆட்களுக்குக்கூட ஒரு மாதிரி பொருந்தும், மறைக்கும். உன்னை மாதிரி குறுகலான தோள், முன்னால் வளைந்து கம்ப்யூட்டர் பார்த்த முதுகு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. உனக்கு என்றைக்கும் தோளில் சரியாக முடிகிற, காலர் வைத்த, இடுப்புக்குக் கீழே நான்கு விரல் இறங்கி நேராக வெட்டிய சட்டைதான் அழகு. ஆறு மாதம் முன்பு வரை நீ அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாய். ஏன் மாற்றினாய் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். பழைய சட்டையெல்லாம் உனக்குத் தோளில் நிற்காமல் போய்விட்டதா? எல்லாருக்கும் தொங்குகிற உடுப்பில் உனக்கும் தொங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றா? தெரிந்து செய்திருக்க மாட்டாய். தெரியாமலேயே கை அந்தப் பக்கம் போயிருக்கும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை.

உன் அப்பா நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். தினமும் காலை ரயில். ஃபேக்டரிக்குக் காக்கி, ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் மரங்கொத்தி கம்பெனியின் மடிப்பு வைத்த பேண்ட், மூன்று. பெல்ட் போட மாட்டார். இடுப்பில் நிற்காத பேண்டைத்தான் பெல்ட் போட்டுக் கட்டிவைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. "என்ற இடுப்பு முப்பத்திநாலு. தாலி கட்டுன அன்னிக்கு என்னவோ அதேதான்" என்று ரயிலில் கூட வருகிறவர்களிடம் பந்தயம் கட்டுவார். அந்தப் பந்தயத்தை ஜெயித்துக் கொடுத்தவள் நான். அவருக்கு முப்பத்தைந்து வயதில் வயிறு போட்டது. ஒரு நாள் பேண்டை மாட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பொத்தானைப் போட்டார். அவர் சந்தைக்குப் போன நேரத்தில் பின்தையலைப் பிரித்து அரை இன்ச் விட்டு, பழைய தையல் தடம் தெரியாமல் ஈரத்துணி போட்டுத் தேய்த்துவைத்தேன். அடுத்த வாரம் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பாத்தயா புள்ள? நேத்து வாங்குன மாதிரி இருக்குது" என்றார். "உங்க உடம்பு வாகு அப்படியுங்க" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். கட்டின புருஷனுக்கே தெரியாமல் தைத்துவிட்டேனே, என் கையை மிஞ்ச மைசூரில் யார் இருக்கிறார்கள் என்று. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வயிறு கூடக் கூட, உள்ளே துணி இருக்கும் வரை அரை அரை இன்ச்சாக விடுவேன். சீட்டில் முப்பத்திநாலு அப்படியே இருக்கும்.

நீ டிகிரி முதல் வருஷம் படித்தபோது, யுகாதி கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இடது கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். மூன்று பேண்டிலும் பின்னால் அரை இன்ச் பிடித்தேன். ஆடி மாதம் இன்னும் அரை. கௌரி கணேசா பண்டிகைக்கு ஒரு இன்ச். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். ஃபேக்டரிச் சூடு என்றார், நானும் மோர் கரைத்துக் கொடுத்தேன். என் கை மட்டும் கணக்காக வேலை செய்துகொண்டே இருந்தது. அவர் இளைக்கிறார் என்று என் டேப்புக்குத் தெரியும். அவரிடம் சொன்னால் அந்த முப்பத்திநாலு பெருமை போய்விடுமே, இத்தனை வருஷம் நான் தைத்து வைத்தது வெளியே தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. தசரா முடிந்த வாரம் நஞ்சன்கூடு பிளாட்பாரத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நீயும் நானும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். டாக்டர் கேட்டார், எவ்வளவு நாளாக இளைக்கிறீர்கள் என்று. அவர் அந்த நிலைமையிலும் சிரித்துக்கொண்டு, "எளைக்கறதா? இல்லைங்க சார். என்ற பேண்ட் சைஸ் இருவது வருசமா மாறவே இல்லைங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சோர்வு, ரத்தக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது சர்க்கரை என்று தெரிந்தபோது பொங்கல் தாண்டிவிட்டது. சிறுநீரகம் இரண்டும் போயிருந்தன. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்று வேறொரு டாக்டர் சொன்னார். அப்பா செத்தது அவர் விதி என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். விதி இல்லை, கண்ணு. நல்ல தையல்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அதற்கெல்லாம் பிறகு நேரம் இருக்கிறது. இப்போது இந்தப் பேண்ட் விஷயத்தைக் கவனி. துணி தொளதொளத்துவிட்டது என்றாயே, மூன்றிலும் விலைச் சீட்டு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள்கூடப் போடாத, ஒரு தடவைகூடத் துவைக்காத பேண்ட் எப்படித் தொளதொளக்கும்? கம்பெனி நம்பரை மாற்றுகிறது, சரி. மூன்று மாதம் முன்னால் கடையில் போட்டுப் பார்த்த அதே பேண்டின் நம்பரை யார் வந்து மாற்றினார்கள்? நான் அளவுச் சீட்டைப் பார்க்கவில்லை, டேப் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறரை. சுமா ஊக்கு குத்திய இடத்தில் முப்பத்திநாலரை. போன யுகாதிக்கு நீ கொண்டுவந்த பேண்டை அளந்து என் அளவு நோட்டில் எழுதியிருக்கிறேன், முப்பத்தெட்டு. ஒரு வருஷத்துக்குள் மூன்றரை இன்ச், அதில் இரண்டு இந்த மூன்று மாதத்தில். காலையில் நடப்பதால் இப்படி ஆகாது என்று நான் சொல்லவில்லை, எனக்கு என்ன தெரியும், ஐந்தாவது படித்தவள். நடப்பதால்தான் என்று ஒரு டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அப்படிச் சொல்லிவிட்டால் நீயும் காவ்யாவும் உட்கார்ந்து வருஷக்கணக்கில் என்னைக் கேலி செய்யலாம். வாயைத் திறக்க மாட்டேன்.

இன்னும் பதினொரு நாளில் நீ விமானம் ஏறுகிறாய். அங்கே குளிர் என்கிறார்கள். பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு என்று மூடிக்கொள்வாய். உள்ளே எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிற்று என்று ஒருவருக்கும் தெரியாது, உனக்கே தெரியாது. ஏங் கண்ணு இளைத்துவிட்டாய் என்று கேட்கவும் அங்கே ஆள் கிடையாது. சுமாவிடம் நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்வதுதான் முறை என்று பொறுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காவ்யா இந்தப் பையைக் கொண்டுவந்து தருவாள். சனிக்கிழமை காலையில் காப்பி குடிக்காமல் போய் ரத்தம் கொடு. திங்கட்கிழமைக்குள் உன்னிடமிருந்து போன் வராவிட்டால் சுமாவுக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அப்பாவின் பேண்ட் உட்பட. ஒரு தடவை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது போதும்.

எனக்கு ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. உங்கள் தெருமுனையில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில், ஒரு ஆல்ட்ரேஷன் கடை இருக்கிறது, வந்தபோது பார்த்திருக்கிறேன். சின்ன வயது ஆள், கை சுத்தம், நன்றாகத் தைக்கிறான். அவனிடம் கொடுத்தால் அரை மணியில் இரண்டு இன்ச் பிடித்து, தேய்த்து, மடித்துக் கொடுத்துவிடுவான். உன்னை ஒரு கேள்வியும் கேட்க மாட்டான். அவனிடம் கொடுக்காதே, சாமி. நீ இங்கே வரும் வரை பேண்ட் உன் இடுப்பில் நிற்காமல் நழுவட்டும். பிடித்து இழுத்து விட்டுக்கொள்ளும்போதெல்லாம் உன் அப்பா இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததை நினைத்துக்கொள். ரத்தம் பார்த்த காகிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு நடை மைசூருக்கு வா. அதில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அன்றைக்கே உட்கார்ந்து மூன்றையும் பிடித்துத் தருகிறேன். மிஷினில் அதே நிற நூலைக் கோத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

பேண்டின் பின்தையலில், உள்பக்கம், பிடிக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவை கை பட்டால் அழிந்துவிடுகிற கோடு. அது அழிவதற்குள் வா.

அம்மா